சிவப்புச் சதுரம்

படம் என்றால் ஒரு சிவப்புச் சதுரம், அதற்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். இதை மாட்ட மூன்றாவது தடவையாக ஏணி ஏறினேன். சட்டத்தின்மேல் ரசமட்டத்தை வைத்தால் குமிழ் நட்டநடுவில் நிற்கிறது. இறங்கிப் பார்த்தால் படம் இடப்பக்கம் சாய்கிறது.

"பெரியவரே, கண்ணு தெரியலன்னா சொல்லிடுங்க. வேற ஆளப் பாத்துக்கிறோம்" என்றார் கண்காட்சி மேனேஜர் ஜெரால்டு.

"என் கண்ணுக்கு என்னய்யா? அந்தம்மா கோணலா வரஞ்சிருக்கு."

வரைந்த வைதேகி சிரித்தாள். "அளந்துதான் வரஞ்சேன் ஐயா."

நான் நம்பவில்லை. நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்தவன். ரசமட்டத்தைக் கறுப்புக் கோட்டோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன், குமிழ் நடுவைவிட்டு அசையவில்லை. சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டேன், சுவரும் நேர். தரையும் மட்டம். படம் மட்டும் சாய்ந்தே நின்றது.

கடைசியில் ரசமட்டத்தை என் இரண்டு தோளுக்கும் குறுக்கே, பிடரியில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"குமிழ் எங்க நிக்குது? பாத்துச் சொல்லும்மா."

வைதேகி என் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"நடுவுலதான் நிக்குது ஐயா" என்றாள், ஜெரால்டுக்குக் கேட்கும்படி. அவள் விரல்கள் என் இடத்தோளை மெல்ல மேலே தூக்கிப் பிடித்திருந்தன.