இளநீர்க் கடையில் இன்னொரு கத்தி

அந்த ஆள் இன்றைக்கும் ஸ்வாதியின் கழுத்தைத்தான் பார்த்தான்.

கள்ளிக்குப்பம் திருப்பத்தில் இளநீர் வண்டி போட்டிருக்கும் துலுக்கானம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஸ்கூட்டரில் எந்தப் பெண் போனாலும் சீவுகிற அருவாளை நிறுத்திவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான்.

"ஏம்மா, ஷாலை ஒழுங்கா கட்டும்மா."

தினமும் ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு போகிற ஸ்வாதி, இன்று பிரேக் பிடித்தாள். கல்லூரியில் ஒரு வாட்ச்மேன், பஸ்ஸில் ஒரு கண்டக்டர், சேலத்து வீட்டில் ஒரு சித்தப்பா என்று ஆளாளுக்கு அவள் ஷாலுக்குக் காவல் இருந்தது போதாதா? சென்னைக்கு வந்து, வேலை பார்த்து, சொந்தமாக ஃப்ளாட் வாங்கியும் இளநீர்க்காரனிடம் பேச்சு வாங்க வேண்டுமா?

"என்னைத்தான சொன்னீங்க?"

"உன்னத்தாம்மா."

"நான் எப்படி டிரெஸ் பண்ணணும்னு சொல்றதுக்கு நீங்க யாரு? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"கீது. அதுவும் கீது, இதுவும் கீது" என்றான் துலுக்கானம், காயைத் திருப்பிக்கொண்டே.

பக்கத்தில் ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டிருந்த ஆட்டோ தங்கவேலு சிரித்தான். "அண்ணாத்தைக்கு எளநி வெட்றது சைடு பிசினஸ், தங்கச்சி. ஷாலைப் பாக்கறதுதான் மெயினு."

துலுக்கானம் சிரிக்கவில்லை. அவன் கழுத்தில் ஒரு கயிற்றில் சின்னக் கத்தி தொங்கியது. கொக்கி மாதிரி வளைந்திருந்த அதை வைத்து இளநீர்க் காம்பைக்கூட நறுக்க முடியாது. சும்மா மிரட்டுவதற்காக மாட்டிக்கொண்டு திரிகிறான் என்று நினைத்தபோது ஸ்வாதிக்கு இன்னும் எரிந்தது.

தோளில் கிடந்த ஷாலை எடுத்தாள். கழுத்துக்கு முன்னால் வளைத்து, இரண்டு முனைகளையும் முதுகுப் பக்கம் வீசினாள்.

"இப்படித்தான் போவேன். இனிமே ஒரு வார்த்தை பேசினீங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன். நாளைக்கு இங்க உங்க வண்டி இருக்காது."

சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினாள்.

கண்ணாடியில் பார்த்தாள். துலுக்கானம் அருவாளைத் தரையில் வீசிவிட்டு, கழுத்துக் கயிற்றை அறுத்து, அந்தக் கத்தியோடு ஓடி வந்துகொண்டிருந்தான்.

"நில்லு. ஏய், நில்லு."

நிற்பதா? இன்னும் முறுக்கினாள். எதிரே ஒரு தண்ணீர் லாரி திரும்பவே, வேறு வழியில்லாமல் வேகத்தைக் குறைத்தாள். காற்றில் பறந்துகொண்டிருந்த ஷால் தளர்ந்து கீழே இறங்கியது. லாரி விலகியதும் மறுபடி முறுக்கினாள்.

யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள்.

வண்டி சாய்ந்தது. மூச்சு நின்றது. விழுந்து கிடந்தவளின் தொண்டையில் இரும்பு சில்லென்று பட்டது. முகத்துக்கு நேரே துலுக்கானத்தின் முகம். 'சரக்'கென்று ஒரு சத்தம்.

"பொண்ணு கழுத்துல கத்தி வெக்கிறான்யா" என்று யாரோ கத்த, கூட்டம் அவனைப் பிடித்து இழுத்தது. தங்கவேலுவே முதல் அறையை விட்டான். "சோமாறி, உன் கடையில போய் எளநி குட்ச்சேன் பாரு."

"என்னைய அப்பால அடி. அதுக்கு மூச்சு வருதா பாரு" என்றான் துலுக்கானம்.

ஸ்வாதி இருமிக்கொண்டே எழுந்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. கீறல்கூட இல்லை.

தங்கவேலு ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினான். தள்ளினான், நகரவில்லை. குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றான். பின்சக்கரத்தின் நடு அச்சில் ஷாலின் பாதி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு இறுகிக் கிடந்தது.

கீழே கிடந்த கத்தியை ஸ்வாதி எடுத்தாள். பழைய ரம்பத் தகட்டை வளைத்துத் தீட்டியது. கூர் முழுக்க வளைவின் உள்பக்கத்தில்தான் இருந்தது. வெளிப்பக்கம் தடிமனாக, வழுவழுப்பாக இருந்தது. முனையைக்கூடப் பட்டாணி மாதிரி உருட்டி விட்டிருந்தது. கழுத்துக்கும் துணிக்கும் நடுவே அதை நுழைத்து இழுத்தால் துணிதான் அறும், தோலில் கோடு விழாது. அந்த ஒரு வேலையைத் தவிர வேறு எதற்கும் உதவாத கத்தி.

கோபம் அடங்கவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"சக்கரத்துல மாட்டும்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள், கரகரத்த குரலில்.

"போற வேகத்துல ஒரு வார்த்ததாம்மா காதுல உழும்" என்று துலுக்கானமும் சீறினார். "இத்தினி நாள்ல நின்னது நீ ஒருத்திதான். நீயும் கேக்கவா நின்னே? சண்ட போடத்தான நின்னே?"

தங்கவேலு, அறைந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவ்ளோ பெரிய அருவா வெச்சுகினு கீறே, அண்ணாத்தே. இந்தத் துக்குணூண்டு கத்தி இன்னாத்துக்கு?"

வீங்கிய கன்னத்தோடு துலுக்கானம் இளநீர் வண்டியடியில் கிடந்த அருவாளைப் பார்த்தார்.

"எம்பொண்ணு கழுத்துல ஷாலு இறுகுனப்போ, எங்கையில அந்த அருவாதாம்பா இருந்துச்சு."