திங்கட்கிழமைக் கையெழுத்து

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் பரந்தாமன், மின்கட்டண உயர்வை எதிர்த்து மைக்கில் பேசியதற்காக ஊபா சட்டத்தில் இரண்டு வருடம் சிறையில் இருந்தவன். இப்போது ஜாமீன். திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் திரும்பச் சிறைதான்.

இந்த வருடம் ஆடிக் கிருத்திகை திங்களில் வந்தது. விரதத்தில் அவன் நட்சத்திரத்தைத்தான் எண்ணினான், கிழமையை மறந்துவிட்டான். பத்து மணிக்குத் திருத்தணி மலைப்படியில் காவடியோடு ஏறிக்கொண்டிருந்தான். கூடவே மனைவி கமலா.

செவ்வாய் காலை, மாற்றுத்துணிப் பையோடு ஸ்டேஷனுக்குப் போனான்.

"இன்னாய்யா, இன்னிக்கு வந்துகீற?" என்றார் ரைட்டர் துரைக்கண்ணு.

"நேத்து காவடி எடுத்தேன் சார். அதனால..."

"ஆங், பார்த்தேனே. காவடிய வாசல்ல வச்சிட்டுத்தான உள்ள வந்த."

ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். திங்கள் தேதி, காலை பத்து மணி, அவனுடைய கையெழுத்து. பரந்தாமன் ரிஜிஸ்டரைக் கிட்டே இழுத்துப் பார்த்தான்.

எப்போதும் காலியாக இருக்கும் குறிப்புக் கட்டத்தில், அவன் மைக்கில் பேசியதாகக் குற்றப்பத்திரிகையில் இருந்த அதே வரி அவன் எழுத்திலேயே இருந்தது: 'தறி நின்னா ஊரே நின்னுடும்.'

அதன் கீழே, படித்துப் பார்த்ததற்கு அடையாளமாக, ரைட்டர் தன் இனிஷியலைப் போட்டிருந்தார்.