கொதிக்கும் படகு மோட்டார்

"கடையில ஓட்டினா ஜில்லுன்னு ஓடுது. உங்க படகுல மாட்டினா மட்டும் ஏன்தான் கொதிக்குதோ!" மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"பம்பை மாத்தியும் மூணாவது தடவையா நடுத்தண்ணியில நின்னுட்டோம். மாமனார் முன்னாடி என் மானமே போச்சு!" படகுக்காரர் எகிறினார்.

"இன்னைக்கு என் கண்ணு முன்னாடியே கிளப்புங்க."

படகுத்துறையில் மோட்டாரை மாட்டிவிட்டு படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கப் போனார். படகில் இருந்த மாமனார் பையிலிருந்து ஒரு ரப்பர் உறையை எடுத்து, மோட்டாரின் அடியிலிருந்த துளைகளை இறுக்கமாக மூடிக் கட்டினார்.

மெக்கானிக் பதறினார். "பெரியவரே! மோட்டாரைக் குளிர வைக்கிற தண்ணி அது வழியாத்தான் ஏறணும்! கடைக்கு வந்தப்ப இந்த உறை இல்லையே?"

"கழட்டி வச்சுக்குவேன். தண்ணி உள்ள போற ஓட்டையை மூணு தடவையும் அடைக்காமலே திருப்பி அனுப்புன ஆளை நம்பி, உறையை எப்படிக் கொடுக்கிறது?"