மூன்றாவது பாராவில் கண்ணீர்

உலக ஞானத்தின் விலை, ஜி.எஸ்.டி. நீங்கலாக, எண்பத்தைந்தாயிரம் ரூபாய் என்றது சிங்கப்பூர் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்த பள்ளிக்கூடம். போடி ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜ் எழுபதுக்குக் கேட்டுப் பார்த்தார், படியவில்லை. கட்டிய பணத்துக்குச் சரக்கு தேறுகிறதா என்று பார்க்க, பள்ளி மலருக்காக மகள் ஜெபஷீலா எழுதிய ‘சிங்கப்பூர் தந்த பாடம்’ கட்டுரையை வாசிக்கச் சொன்னார்.

“அங்கன தெருவுல ஒரு காகிதம்கூடக் கெடக்கலப்பா. நம்ம ஊரை நெனச்சு வெக்கப்பட்டேன்.”

“படு. அப்புறம்?”

“நம்ம வீட்டு இட்லிக்கு ஏங்குனேன்.”

“அப்பாவை நெனச்சியா?”

“மூணாவது பாராவுல அழுதிருக்கேன்.”

பொன்னுராஜ் துண்டால் கண்ணைத் துடைத்ததும் வியாபாரப் புத்தி விழித்துக்கொண்டது.

“வெக்கப்பட்டாச்சு, ஏங்கியாச்சு, அழுதாச்சு. பெறகு எதுக்கு ஆத்தா அடுத்த வாரம் பிளேன் ஏறணும்? பணத்தைத் திருப்பிக் கேட்டுருவோம்.”

ஜெபஷீலா பதறினாள். “அப்பா! மலர் அச்சுக்குப் போகுதுன்னு மிஸ் முன்கூட்டியே எழுதி வாங்குறாக. போறவுக எல்லாருமே எழுதியாச்சு!”

“பாக்காமலே இம்புட்டு எழுதுறவ, பாத்துட்டு வந்து புதுசா என்னத்தை எழுதப்போற?”

அவளும் வியாபாரி வீட்டுப் பிள்ளைதானே. “ஏலத்துல சாம்பிளை மோந்து பாத்துட்டு, அதான் வாசம் வந்துருச்சேன்னு மூட்டையை விட்டுட்டு வருவீகளாப்பா?”

பொன்னுராஜ் பெட்டி வாங்கக் கிளம்பினார். வெட்கம், ஏக்கம், கண்ணீர் மூன்றும் வரவாகிவிட்டன, சிங்கப்பூர்தான் பாக்கி.