பிரேக்கில் ஒரு கால்

"ஹாஜியார், கோவிக்காம ஒண்டு கேக்கட்டா? இந்த ஜீப்ப ஆர் ஓடுற?"

கராஜ் மெக்கானிக் மஜீத் பாஸ் கழற்றிய பிரேக் பேட்டை உசனார் ஹாஜியாரின் கையில் வைத்தார். விரல் தடிப்பில் இருக்க வேண்டியது வெறும் தகடாகத் தேய்ந்திருந்தது.

"எங்கட ட்ரைவர் நல்லரத்தினம்தான். ஏன்? நாலு மாசத்துக்கு முன்ன நீங்கதானே புதுசு போட்ட? டூப்ளிகேட் சாமான் கீமான் போட்டீங்களா பாஸ்?"

"வல்லாஹி, ஒறிஜினல். டிஸ்க்கப் பாருங்க."

சில்லுக்குள் இருந்த இரும்புத் தட்டு நீலம் பூத்திருந்தது.

"சூட்டில எரிஞ்சிரிக்கி. ஆரோ ஒரு கால பிரேக்கில வெச்சிக்கிட்டு மத்தக் காலால எக்சிலேட்டர மிதிச்சிரிக்காங்க. இது ஓட்டோ கியர், ஒரு காலுக்குத்தான் வேல. ரெண்டு காலாலயும் ஓடுறதெண்டா புதுசாப் பழகிற ஆள்தான். இப்படியே உட்டா பிரேக் ஒயில் கொதிச்சி, பெடல் அடியில போயிரும். ஜீப் நிக்காது."

உசனார் பேட்டைத் திருப்பிப் பார்த்தார். நேற்றுச் சந்தியில் ஜீப் வழுக்கிக்கொண்டு போய் ஒரு லொறியின் பின்னால் ஒரு சாண் இடைவெளியில்தான் நின்றது. உள்ளே மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

நல்லரத்தினம் கராஜ் வாசலில் தலை குனிந்து நின்றார். இருபத்தைந்து வருடம் லொறி ஓடியவர். அவர் இரண்டு காலால் ஓட மாட்டார். அப்படியென்றால் வேறு யாரோ ஓடுகிறார்கள்.

புதுப் பேட் போட்டுக்கொண்டு திரும்பும்போது உசனார் மெல்லக் கேட்டார்.

"உங்கட மகன் டிலக்சனுக்கு எத்தின வயசு?"

"பதினெட்டு முடிஞ்சிரிச்சு ஹாஜியார்."

"லைசன் எடுக்கிற வயசு."

"ஓம். எடுக்கணும் எண்டுதான் நிக்கிறான்."

"பழக ஒரு வாகனம் வேணுமே?"

நல்லரத்தினம் கண்ணாடியைப் பார்த்து ஜீப்பைத் திருப்பினார்.

அன்றிலிருந்து உசனார் மீட்டரைப் பார்க்கத் தொடங்கினார். பின்னேரம் அஸர் தொழப் போகும்போது ஒரு இலக்கம். பொழுதுபட்டு மகுரிபு தொழுகையும் முடிந்து வந்து பார்த்தால் எட்டுக் கிலோமீட்டர் கூட. மறுநாள் ஒன்பது.

மனைவி ஸகியாவிடம் சொன்னார்.

"நம்மட ஜீப்பில மகனுக்கு வகுப்பு நடத்துறார் மனிசன்."

"கண்டீங்களா?"

"மீட்டர் சொல்லுது."

"ஆரெண்டும் மீட்டர் சொல்லிச்சா?"

ஸகியா சோற்றுப் பீங்கானை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அஸர் முடிந்ததும் உசனார் பள்ளிவாசலில் கதைத்துக்கொண்டு நிற்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்தார். ஜீப் இல்லை. கதவு பூட்டியிருந்தது. ஸகியா தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

ஐந்தரைக்கு ஜீப் வந்தது. நல்லரத்தினம் மட்டும் இறங்கினார். ஹாஜியாரைக் கண்டதும் திகைத்து நின்றார்.

"எங்க போன?"

"வாவிக்கரைப் பக்கம்."

"மகனோடதானே?"

"இல்ல ஹாஜியார். அவன் கரடியனாற்றில, வயல் வெட்டு வேலையில நிக்கிறான். இந்த ஜீப்ப அவன் தொட்டதுமில்ல."

"அப்ப ஆருக்குப் பழக்கிற?"

"சொல்ல ஏலா. வாக்குக் குடுத்திட்டன்."

"என்ட வாகனத்த ஓடுறது ஆரெண்டு எனக்கே சொல்ல ஏலாதா? என்ட பேரப்புள்ளைகள் அண்டைக்குத் தப்பினது அல்லாஹ்ட காவல். சாவிய வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு வர வேணாம்."

நல்லரத்தினம் சாவியைக் கதிரைக் கையில் வைத்தார். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை இல்லை. சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தார்.

கேற்றடியில் ஸகியா மூச்சு வாங்க வந்து நின்றாள். சந்தியில் இறங்கி நடந்து வந்திருக்க வேண்டும்.

"நில்லுங்க தம்பி. எங்கயும் போக வேணாம்."

"வேணாம் ராத்தா, விடுங்க."

"இவ்வளவு பேச்சும் கேட்டது காணும்." அவள் கணவனிடம் திரும்பினாள். "அந்த ரெண்டு காலும் என்ட கால். பாஸ் சொன்ன பிறகு இடது கால மடக்கி வெச்சித்தான் ஓடுறன்."

உசனார் எழுந்துவிட்டார்.

"உனக்கென்னத்துக்கு இந்த வயசில ட்ரைவிங்? அதுவும் எனக்கு ஒளிச்சி?"

"உங்களுக்குப் பயம் வாற மாதிரி ஒண்டும் கதைக்க வேணாம் எண்டு டொக்டர் சொன்ன. அதான் ஒளிச்ச."

"என்ன பயம்?"

"பெருநாளைக்கு அடுத்த ஞாயிறு. நல்லரத்தினம் தம்பி லீவு. நீங்க நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு இந்த முத்தத்திலதான் விழுந்த. உங்களுக்கு ஆசுபத்திரியில கண் முழிச்சதுதான் நினைவிருக்கும்." அவள் ஜீப்பைக் காட்டினாள். "ஜீப் வாசல்ல, சாவி என்ட கையில. நான் இருவது நிமிசம் றோட்டில நிண்டு, போற வாற ஆட்டோவுக்கெல்லாம் கை காட்டிக்கிட்டு அழுதன்."