நாலு பேர் கணக்கு

"ஒரே ஒரு லேடி டிரைவருக்காக டிப்போவுல பாத்ரூம் கட்ட முடியாதும்மா. நாலு பேராவது இருந்தா பார்க்கலாம்," என்றார் மேனேஜர்.

அதுவரை தண்ணீர் குடிக்காமலே லாரி ஓட்டிப் பழகியிருந்தவள், விடுமுறை நாள்களில் தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா மூவருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். இரண்டே வருடத்தில் மூவரும் அதே டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

நால்வரும் ஒன்றாக மனு கொடுத்தார்கள்.

மறுவாரமே மேனேஜர் ஆளுக்கொரு கவர் நீட்டினார். ஆவலாகப் பிரித்தார்கள்.

இடமாற்ற உத்தரவு. நாலு பேருக்கும் நாலு வெவ்வேறு டிப்போ.

"வயிறு எரியுது அண்ணி!" என்று நாத்தனார் கவரைக் கசக்கினாள்.

"எனக்கும்தான் எரியுது. போற இடத்துல ஆளுக்கு மூணு பேருக்கு ஓட்டக் கத்துக்குடுங்க. எத்தனை டிப்போவுக்குத்தான் மாத்துவாங்கன்னு பார்ப்போம்."