தோணிக்கூலி

எம்.பி. உருத்திரன் தோணிக்கார மயில்வாகனத்துக்குக் கொடுக்க வேண்டியது ஆறாயிரத்து நானூறு ரூபாய். கிராம விதானையாக, அரசாங்கத்தின் ஊர் அலுவலராக, இருந்த காலத்தில் கடனுக்கே வாவியைக் கடந்துபோய் வந்த கூலி அது. தேர்தலில் வென்றபின் அவர் அக்கரைப் பக்கம் போனதேயில்லை.

அலுவலகத்தில் மயில்வாகனத்தைக் கண்டதும் சட்டைப்பையைத் தடவினார்.

"காசுக்கோ வந்தீங்க, அண்ணன்?"

"காசு கிடக்கட்டும் விதானையார். தேர்தல் நோட்டீசில முதல் வேலை வாவிக்குப் பாலம் எண்டு போட்டீங்களே, எங்க அது?"

உருத்திரன் குரலைத் தாழ்த்தினார். "பாலம் வந்தா உங்கட தோணியில ஆர் ஏறுவான்? உங்கட பிழைப்பை நினைச்சுத்தான் அந்த நிதியை டவுன் றோட்டுக்குத் திருப்பினன்."

"நல்லா நினைச்சீங்க!" என்று மயில்வாகனம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "போன மாரியில மகளுக்குப் புள்ளை வலி வந்திட்டு. ஆசுபத்திரிக்கு நான்தான் தோணி வலிச்சன். எதிர்க்காத்து. கரை சேர முதல் தாயும் புள்ளையும் போயிற்றுதுகள்."

உருத்திரன் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார்.

மயில்வாகனம் அந்தக் கையை மெல்லத் தள்ளினார்.

"அது பாலத்துக்கு என்ட பங்கு. நம்மட கணக்குத் தீர்ந்திட்டு. நான் வாறன், துறையில சனம் காத்து நிக்குது."